யோகி கரடிக்கு டை எதற்கு?

கார்ட்டூன் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவைதான். அமெரிக்காவின் சனிக்கிழமைக் காலைகளை ஆண்ட அந்தப் படங்களையும், அவற்றை வரைந்து, வண்ணம் பூசி, குரல் கொடுத்தவர்களையும் பற்றிப் பேசுவோம்.

அமெரிக்கக் கார்ட்டூன் என்றாலே ‘சனிக்கிழமை காலை’ என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன பாவம் செய்தது?
— வாசகர், விருதுநகர்

ஞாயிறு காலை அங்கே பல வீடுகளில் சர்ச்சுக்குப் போகிற நேரம். சனிக்கிழமை பள்ளி கிடையாது. அப்பா, அம்மா எழுந்திருக்க மாட்டார்கள். டி.வி. முன்னால் பிள்ளைகள் மட்டும்தான். பெரியவர்கள் பார்க்காத நேரம் என்பதால் விளம்பரக் கட்டணம் அடிமட்டத்தில் இருந்தது. அதனால் 1950-களில் அந்த நேரத்தைப் பழைய படங்களைப் போட்டு ஒப்பேற்றினார்கள்.

1966-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின் பகல்நேர நிகழ்ச்சிகளைக் கவனித்த ஃப்ரெட் சில்வர்மேனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் அந்தக் காலைப் பொழுதைப் புத்தம் புதிய சாகச வீரர் கார்ட்டூன்களால் நிரப்பினார். பிள்ளைகள் மொத்தமாக அந்தப் பக்கம் சாய்ந்ததும் ஏ.பி.சி.யும் என்.பி.சி.யும் பின்னாலேயே ஓடி வந்தன. பொம்மையும் கார்ன்ஃபிளேக்ஸும் மிட்டாயும் விற்பவர்களுக்குப் பிள்ளைகள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட வேறென்ன வேண்டும்? யாருக்கும் வேண்டாத நேரத்துக்குப் போட்டி வந்துவிட்டது.

டாம் அண்ட் ஜெர்ரியில் வால் நுனிகூட நடிக்கிறது. யோகி கரடியில் வாய் மட்டும் அசைகிறது. இரண்டையும் எடுத்தவர்கள் ஒரே ஆட்களாமே! பேர் வந்ததும் சோம்பேறித்தனமும் வந்துவிட்டதா?
— ஓவிய மாணவி, கும்பகோணம்

ஒரே ஆட்கள்தான். ஆனால் அந்தச் ‘சோம்பேறித்தனம்’ என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள் அம்மா.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா. டாம் அண்ட் ஜெர்ரி வழியாக எம்.ஜி.எம். ஸ்டூடியோவுக்கு ஏழு ஆஸ்கர் வாங்கித் தந்த ஜோடி. பார்பெரா வங்கியில் வேலை பார்த்தவர். பென்சிலைத் தொட்டால் வேடிக்கை கொட்டும். ஹன்னா நேரக்கணக்கில் புலி. எந்த அடி எந்த நொடியில் விழ வேண்டும் என்பது அவர் வேலை. டாம் வலி தாங்காமல் அலறுகிறதே, அதுவும் ஹன்னாவின் தொண்டைதான்.

1957-இல் எம்.ஜி.எம். கணக்குப் பார்த்தது. பழைய கார்ட்டூன்களையே திரும்பத் திரையிட்டாலும் கிட்டத்தட்ட அதே வருமானம் வருகிறது, பிறகு புதிது எதற்கு? ஒரு போன் வந்தது, பிரிவையே மூடிவிட்டார்கள். இருவரும் சொந்த நிறுவனம் தொடங்கித் தொலைக்காட்சிக்குப் போனார்கள். முதல் நிகழ்ச்சி ‘ரஃப் அண்ட் ரெட்டி’, 1957 டிசம்பரில் என்.பி.சி.யில், அதுவும் சனிக்கிழமை காலையில். ஐந்து நிமிடப் படத்துக்குக் கிடைத்த பணம் சுமார் 3,000 டாலர். எம்.ஜி.எம்.மில் ஒரு குறும்படத்துக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் செலவழித்தவர்கள் அவர்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பார். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம் வேண்டும். ஏழு நிமிடத்துக்கு, ஒரு பாத்திரத்துக்கு மட்டும், 5,040. பூனை ஓடினால் எலியும் ஓட வேண்டும், பத்தாயிரம் தாண்டிவிட்டது. தொலைக்காட்சியில் அரைமணி நேர நிகழ்ச்சி என்றால், விளம்பரம் போக 22 நிமிடப் படம், 31,680 சட்டங்கள். வாரத்துக்கு ஒன்று கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் அசைக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை, நாளும் இல்லை. எதை அசைக்காமல் விட்டாலும் கதை நிற்காது என்று யோசித்து யோசித்து எடுத்த படம் அது. அரைப்படி அரிசியில் ஆறு பேருக்குச் சமைத்துப் போடுகிறவளை யாரும் சோம்பேறி என்பதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். அந்த வருடங்களில் திரையரங்குக் கார்ட்டூன் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. வார்னர் பிரதர்ஸ் தன் கார்ட்டூன் பிரிவை 1963-இல் மூடியது. டிஸ்னியும் 1959-க்குப் பிறகு ஆட்களைக் குறைத்தது. கை தேர்ந்த ஓவியர்கள் பலருக்கு அடுத்த மாத வாடகையைக் கொடுத்தது இந்த ‘வாய் மட்டும் அசையும்’ படங்கள்தான்.

உடம்பில் ஒரு துணி இல்லை, கழுத்தில் மட்டும் காலரும் டையும். யோகி கரடிக்கு இது என்ன ஃபேஷன்?
— வாசகர், ஈரோடு

அந்தக் காலர் ஒரு வெட்டுக்கோடு. தலை எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்பதை மறைக்கிற கோடு. யோகி நின்று பேசும்போது உடம்பு ஒரு ‘செல்’லில் அப்படியே இருக்கும். செல் என்பது கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் அசிட்டேட் தாள். தலை இன்னொரு செல்லில். தலையை மட்டும் மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடித்தால் போதும், உடம்பைத் திரும்ப வரைய வேண்டாம். காலர் இல்லையென்றால் கழுத்தில் இரண்டு ஓவியங்களும் ஒட்டும் இடம் துடிப்பது தெரிந்துவிடும். ஹன்னா-பார்பெரா படங்களில் எத்தனை மிருகங்கள் கழுத்தில் ஏதாவது கட்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஹக்கிள்பெரி நாய்க்கு போ டை. குவிக் டிரா குதிரைக்குக் கழுத்துக்குட்டை.

சேமிப்பு அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரில் ஃப்ரெட் வீட்டுக்குள் ஓடும்போது அதே ஜன்னலும் அதே மேசையும் திரும்பத் திரும்பக் கடந்து போகும். யாராவது மலையிலிருந்து விழுந்தால் விழுவதைக் காட்ட மாட்டார்கள்; கேமரா குலுங்கும், ‘டமால்’ கேட்கும், மேலே நிற்பவரின் முகம் சுளிக்கும். விழுந்த இடத்தை நம் மனமே வரைந்துகொள்ளும்.

வரைந்த வாய் எப்படிச் சரியாகப் பேச்சோடு ஒட்டுகிறது? படம் வரைந்த பிறகு டப்பிங்கா?
— ஆசிரியை, நாகர்கோவில்

தலைகீழ். முதலில் குரல்தான் பதிவாகும். அந்த ஒலிநாடாவை ஒருவர் உட்கார்ந்து கேட்டு, எந்த ஒலி எந்தச் சட்டத்தில் வருகிறது என்று எக்ஸ்போஷர் ஷீட் என்ற நீளத்தாளில் எழுதுவார். ‘அம்மா’ என்று ஒரு பாத்திரம் சொல்கிறது, அரை நொடி ஆகிறது என்று வையுங்கள். 12 சட்டங்கள். ‘அ’வுக்கு மூன்று, ‘ம்ம்’முக்கு நான்கு, ‘ஆ’வுக்கு ஐந்து. ‘அ’வுக்குப் பாதி திறந்த வாய், ‘ம்’முக்கு மூடிய உதடு, ‘ஆ’வுக்கு அகலத் திறந்த வாய். மூன்றே ஓவியத்தில் முடிந்தது. இதில் ஒரு விதி உண்டு: ம, ப போல உதடு ஒட்டுகிற ஒலிக்கு மூடிய வாய் இரண்டு சட்டமாவது நிற்க வேண்டும். ஒரே சட்டம் வைத்தால் கண்ணுக்கு எட்டாது, பேச்சு பிசகியதுபோல் தோன்றும். மற்ற ஒலிகளில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படிச் சில வாய்களை வரைந்து வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பேசவைத்தார்கள்.

வாயே வரையாமல் ஒரு கார்ட்டூன் எடுத்தார்களாமே?
— வாசகர், காரைக்கால்

‘கிளட்ச் கார்கோ’, 1959. அசையாத ஓவிய முகத்தில், நடிகரின் நிஜ உதடுகளைப் படம் பிடித்து ஒட்டினார்கள். சிக்கனத்தின் எல்லை அது. ஓவிய முகத்தில் மனித உதடு அசைவதைப் பார்த்தால் இன்றைக்கும் உடம்பு கூசும். எதையும் மிச்சம் பிடிக்கலாம், முகத்தைக் கூடாது.

பழைய கார்ட்டூனில் நிறம் பூசுவது யார் வேலை? அதில் என்ன பெரிய வித்தை?
— பெயின்டர், சேலம்

உங்கள் தொழில்காரர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், விரிவாகவே சொல்கிறேன். ‘இங்க் அண்ட் பெயின்ட்’ என்று தனிப் பிரிவு. பெரும்பாலும் பெண்கள். கையில் பருத்தி உறை. விரல் ரேகை பட்டால் தாள் கெட்டது. பென்சில் ஓவியத்தின் மேல் செல்லை வைத்து முன்பக்கம் மையால் கோடு இழுப்பார்கள். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் வண்ணம். அதனால் தூரிகைத் தடம் முன்னால் தெரியாது, வண்ணம் கோட்டின் மேல் ஏறினாலும் கோடு மறையாது.

வித்தை இனிமேல்தான். செல் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் துளி மங்கல் அதில் உண்டு. மூன்று நான்கு செல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால், அடியில் இருப்பதன் நிறம் மங்கிவிடும். அதே சிவப்புச் சட்டை மேல் அடுக்கில் ஒரு சிவப்பாகவும் அடி அடுக்கில் வேறு சிவப்பாகவும் தெரியும். ஆகவே எந்த அடுக்கில் போகிறதோ அதற்கேற்ப ஒரே நிறத்தையே வெவ்வேறு அழுத்தத்தில் கலந்து வைத்திருப்பார்கள். காட்சியின் நடுவில் ஒரு பாத்திரம் வெளியேறி ஓர் அடுக்கு குறைந்தால், மற்றவர்களின் நிறம் சட்டென்று பளிச்சிடும். அதைத் தடுக்க, ஒன்றுமே வரையாத வெற்றுச் செல் ஒன்றை அந்த இடத்தில் வைப்பார்கள். திரையில் அது தெரியாது, அதன் வேலையே அதுதான். இத்தனை செய்த பெண்களின் பெயர்கள் படத்தில் பல வருடம் வரவே இல்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

கார்ட்டூனுக்குள் யார் உட்கார்ந்து சிரிக்கிறார்கள்?
— எட்டாம் வகுப்பு வாசகி, பழனி

ஒரு பெட்டி. சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் செய்த இயந்திரம். தட்டச்சு விசைபோல அழுத்தினால் ஒன்று குலுங்கிச் சிரிக்கும், ஒன்று கிளுகிளுக்கும். ஃபிளின்ட்ஸ்டோன்ஸிலும் ஸ்கூபி-டூவிலும் நீ கேட்பது இந்த மாதிரி டப்பாச் சிரிப்புதான். பாத்திரங்கள் காலைச் சுழற்றி ஓடத் தயாராகும்போது வருகிற படபட ஓசை மட்டும் நல்ல கைவேலை: பாங்கோ மேளத்தில் விரலால் அடித்தது.

ஸ்கூபி-டூ மாதிரி ஒரு கோணங்கி நாய் எப்படிப் பிறந்தது?
— வாசகர், திண்டுக்கல்

ஒரு கோபத்திலிருந்து. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் பார்க்கும் டி.வி.யில் இத்தனை அடிதடி எதற்கு என்று நாடே கேட்டது. சில்வர்மேனின் சாகச வீரர்களுக்கு இறங்குமுகம். அடிதடி இல்லாமல் பரபரப்பு மட்டும் வேண்டும் என்று அவர் ஹன்னா-பார்பெராவிடம் கேட்டார். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்ற இருவர் பேய்க்கதை எழுதினார்கள். சி.பி.எஸ். தலைவர் ஃபிராங்க் ஸ்டான்டன் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று திருப்பி அனுப்பினார். சரி, ஓரத்தில் நிற்கும் நாயை நடுவுக்குக் கொண்டுவருவோம் என்று முடிவானது. பெயர் ஃபிராங்க் சினாட்ராவின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தி நைட்’ பாட்டின் கடைசி முணுமுணுப்பிலிருந்து சில்வர்மேன் எடுத்தது. 1969 செப்டம்பர் 13, சனிக்கிழமை காலை, முதல் எபிசோடு.

நாயை வரைந்தவர் இவாவோ டகமோட்டோ. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரில் அவர் குடும்பத்தை மான்சனார் முகாமில் அடைத்தார்கள். அங்கே உடன் அடைபட்டிருந்த கலை இயக்குநர்களிடம் அந்தப் பையன் ஓவியம் கற்றான். வெளியே வந்து டிஸ்னியில் சேர்ந்தான். பிறகு ஹன்னா-பார்பெரா. ஸ்டூடியோவில் கிரேட் டேன் நாய் வளர்க்கும் ஒருவரிடம், பரிசு வாங்கும் நாய்க்கு என்ன லட்சணம் என்று விசாரித்தார். நேரான முதுகு, நேரான கால், அளவான தாடை என்று பட்டியல் வந்தது. டகமோட்டோ ஒவ்வொன்றுக்கும் நேர்மாறாக வரைந்தார்: சரிந்த முதுகு, வளைந்த கால், தொங்கும் தாடை. லட்சணம் கெட்ட அந்த நாய்தான் ஐம்பது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பின் வந்த நகல்களை நான் தாங்கிப் பேச மாட்டேன். நாய்க்குப் பதில் பேசும் கார், பேசும் சுறா என்று 1970-கள் முழுக்க அதே கதையை அரைத்தார்கள். பணம் குறைவு என்பதை மன்னிக்கலாம், கற்பனை குறைவு என்பதை முடியாது.

குரல் கொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்களேன்.
— மேடை நடிகர், புதுக்கோட்டை

பக்ஸ் பன்னி படங்களைச் செய்த சக் ஜோன்ஸ், தொலைக்காட்சிக் கார்ட்டூனைப் ‘படம் போட்ட ரேடியோ’ என்ற பொருளில் குத்திச் சொன்னார். குத்தலாகச் சொன்னாலும் உண்மை. அந்தப் படங்களின் முதுகெலும்பு குரல்தான். பலர் வானொலி நாடகத்தில் பழகியவர்கள். டாஸ் பட்லர் ஒருவரே யோகி, ஹக்கிள்பெரி, குவிக் டிரா மூவரும்.

மெல் பிளாங்க் 1961 ஜனவரியில் பெரும் கார் விபத்தில் சிக்கினார். ஃபிளின்ட்ஸ்டோன்ஸில் பார்னி அவர்தான். சில வாரங்கள் டாஸ் பட்லர் அந்தக் குரலைத் தாங்கிப் பிடித்தார். பிறகு உடம்பு முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்த பிளாங்கின் கட்டிலுக்கே மைக்கையும் மற்ற நடிகர்களையும் கொண்டுபோய்ப் பதிவு செய்தார்கள். பார்னி சிரித்த சிரிப்பில் ஒரு வலியும் தெரியாது.

இன்னொருவர் லெனர்ட் நிமாய். 1973-இல் ஃபில்மேஷன் நிறுவனம் ‘ஸ்டார் டிரெக்’கைச் சனிக்கிழமைக் கார்ட்டூனாக எடுத்தபோது, செலவைக் குறைக்க நிஷெல் நிக்கோல்ஸையும் ஜார்ஜ் டகேயையும் விட்டுவிட்டார்கள். கறுப்பினப் பெண், ஜப்பானிய வம்சாவளி ஆண். அவர்கள் இல்லாமல் நானும் இல்லை என்றார் நிமாய். இருவரும் உள்ளே வந்தார்கள்.

ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் சிகரெட் விற்றதாமே? நிஜமா?
— மருத்துவர், தஞ்சாவூர்

நிஜம். வின்ஸ்டன் சிகரெட் விளம்பரத்தில் ஃப்ரெட்டும் பார்னியும் புகைவிடுவார்கள். 1960-இல் அது பெரியவர்களுக்காக வெள்ளிக்கிழமை இரவில் வந்த நிகழ்ச்சி என்பது அவர்கள் சொன்ன நியாயம். வீட்டில் பிள்ளைகளும் விழித்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சில வருடங்களில் சிகரெட் போய் திராட்சைச் சாறு வந்தது.

இந்த விளம்பர வெறிக்குக் கடிவாளம் போட்டவர் ஒரு தாய். பெக்கி சாரன், மாசசூசெட்ஸ்காரர். 1968-இல் சில பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு ஓர் இயக்கம் தொடங்கினார். நிகழ்ச்சியைத் தடை செய் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகளை ஏமாற்றி விற்காதே, நல்லதை இன்னும் கொடு என்றுதான் கேட்டார். இருபது வருடத்துக்கு மேல் விடாமல் மனுப்போட்டு, 1990-இல் சட்டமே வந்தது: பிள்ளைகள் நிகழ்ச்சியில் வார இறுதியில் மணிக்குப் பத்தரை நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. நம் சேனல்களில் கார்ட்டூனுக்கு நடுவே வருவதைக் கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள், டாக்டர்.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் எல்லோரும் அமெரிக்கர்களா?
— அனிமேஷன் ஊழியர், சென்னை

இல்லை. 1959-இல் ‘ராக்கி’ என்ற பறக்கும் அணில் தொடரை வரைந்தது மெக்சிகோ சிட்டியில். ஹன்னா-பார்பெரா 1972-இல் சிட்னியில் கிளை திறந்தது. 1978-இல் தைவானின் தைபேயில் ஜேம்ஸ் வாங் தொடங்கிய ஸ்டூடியோவுக்கு வேலை மலைபோல் போனது. பிறகு கொரியா, பிலிப்பைன்ஸ். கதையும் குரலும் லாஸ் ஏஞ்சலஸில், நூற்றுக்கணக்கான கைகள் ஆசியாவில். லாஸ் ஏஞ்சலஸ் ஓவியர்கள் இதை எதிர்த்து 1979-இல் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள், 1982-இல் செய்து தோற்றார்கள். ஃபில்மேஷன் மட்டும் வேலையை உள்நாட்டிலேயே வைத்துக்கொண்டது. அதற்கு விலை, ஒருமுறை வரைந்த ஓட்டத்தையும் குத்தையும் அலமாரியில் அடுக்கி வைத்து அடுத்தடுத்த எபிசோடுகளில் திரும்பப் போட்டது. அதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. சம்பளம் வாங்கிய ஓவியர் குடும்பத்தினர் செய்திருக்க மாட்டார்கள். நீங்கள் இருக்கிற தொழிலின் முன்கதை இது. உங்கள் பெயர் படத்தில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இதிலெல்லாம் ஒரு பிள்ளையாவது எதையாவது படித்ததா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோவில்பட்டி

படித்தது ஐயா. டேவிட் மெக்கால் என்ற விளம்பர நிறுவனத் தலைவரின் மகனுக்கு வாய்ப்பாடு மண்டையில் ஏறவில்லை. ராக் பாட்டு வரிகள் மட்டும் தண்ணீர்பட்ட பாடு. வாய்ப்பாட்டையே பாட்டாக்கினால் என்ன என்றார் அப்பா. பாப் டோரோ என்ற ஜாஸ் இசைக்காரர் மெட்டமைத்தார். 1973 முதல் ஏ.பி.சி.யில் கார்ட்டூன்களுக்கு நடுவே மும்மூன்று நிமிடம் ‘ஸ்கூல்ஹவுஸ் ராக்’ ஓடியது. கணக்கு, இலக்கணம், அரசியல் சட்டம் எல்லாம் பாட்டு. அங்கே ஒரு தலைமுறை தன் நாட்டு அரசியல் சட்டத்தின் முன்னுரையைப் பாடியே ஒப்பிக்கும்.

அமெரிக்கச் சனிக்கிழமைக் கார்ட்டூன்களை நான் திருநெல்வேலியில் 1990-களில் தினமும் பார்த்தேனே, எப்படி?
— வாசகி, பாளையங்கோட்டை

டெட் டர்னர் என்ற ஒருவரால். 1986-இல் எம்.ஜி.எம்.மின் பழைய படக் களஞ்சியத்தை வாங்கினார். டாம் அண்ட் ஜெர்ரி கைக்கு வந்தது. 1991-இல் ஹன்னா-பார்பெராவையே வாங்கினார். பெட்டி பெட்டியாகக் கார்ட்டூன் கையிருப்பில் இருக்கும்போது வாரத்தில் ஒரு காலை எதற்கு? 1992 அக்டோபரில் 24 மணி நேரச் சேனல் தொடங்கினார். 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து உங்கள் வீட்டுக் கேபிளில் நுழைந்தது. இரவானதும் அதே சேனலில் டி.என்.டி. என்று பழைய ஹாலிவுட் படம் ஓடும், நினைவிருக்கிறதா? அதுவும் அதே களஞ்சியம்தான்.

இப்போதும் அங்கே சனிக்கிழமை காலைக் கார்ட்டூன் உண்டா?
— வாசகர், கடலூர்

பெரிய நெட்வொர்க்குகளில் பழையபடி இல்லை. எப்போது வேண்டுமானாலும் கார்ட்டூன் கிடைக்கிற சேனல்கள் வந்ததும் காத்திருக்க யாருமில்லை. என்.பி.சி. 1992-இலேயே கைகழுவியது. 1996-இல் வாரம் மூன்று மணி நேரமாவது கல்வி நிகழ்ச்சி காட்ட வேண்டும் என்று விதி வந்ததும் மற்றவர்களும் அந்த நேரத்தை அதற்குக் கொடுத்தார்கள். கடைசியாகத் தாக்குப்பிடித்த சி.டபிள்யூ. நெட்வொர்க்கின் கார்ட்டூன் வரிசை 2014 செப்டம்பர் 27 அன்று நின்றது.

ஒரே ஒரு எபிசோடு பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?
— வாசகி, மதுரை

ஸ்கூபி-டூவின் முதல் எபிசோடு, கறுப்புக் கவசம் போட்ட போர்வீரன் வருகிற கதை. ஆட்கள் நடக்கும்போது கண் பின்னால் போகட்டும். அந்தத் தொடரின் பேக்கிரவுண்டுகளுக்குப் பின்னால் இருந்தவர் வால்ட் பெரிகாய், டிஸ்னியின் ‘101 டால்மேஷியன்ஸ்’ படத்துக்கு நிறம் தீர்மானித்தவர். அருங்காட்சியகத்தின் இருட்டை அங்கே நிறத்தாலேயே உண்டாக்கியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சக் ஜோன்ஸ் சொன்னது சரியா, பெரிகாயின் பக்கம்தான் நியாயமா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.